ஸ்டார் வாங்கிய கத்தரிக்காய்

என் மகள் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், அவளுடைய டிபன் பாக்ஸை ஊரே திறந்து பார்த்தது. நான் பொங்கிய சோற்றையும் நான் வதக்கிய காயையும், எனக்கு முகம்கூடத் தெரியாத பெண்கள் போனில் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. கோபக்காரி என்று எனக்குப் பெயர் உண்டு. இந்த விஷயத்தில் அந்தப் பெயரை நான் மறுக்கப் போவதில்லை.

நாங்கள் இருப்பது சாணார்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடம் திண்டுக்கல்லில். பள்ளி திறந்த முதல் வாரமே ஒரு தாள் கொடுத்துவிட்டார்கள். மேலே ‘ஆரோக்கியமான மதிய உணவு’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே கட்டம் கட்டமாக எழுதியிருந்தது. திங்கள் கீரை, செவ்வாய் காய், புதன் பயறு, வியாழன் மறுபடி காய், வெள்ளிக்குப் பழமும் சேர்த்து. மதியம் வகுப்பு மிஸ் ஒவ்வொரு டப்பாவையும் திறக்கச் சொல்லிப் படம் எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். பார்க்க நன்றாக இருக்கிற டப்பாவுக்கு ஸ்டார். தங்க நிற ஸ்டிக்கர் ஒன்றைப் பிள்ளையின் புறங்கையில் ஒட்டி அனுப்புவார்கள். படம் எடுத்த பிறகு அந்தப் பிள்ளை அதைச் சாப்பிட்டதா இல்லையா என்று பார்க்க ஒரு ஆள் கிடையாது. அதற்கு ஸ்டாரும் கிடையாது.

எனக்கோ சாப்பிட்டாளா என்பது ஒன்றுதான் கவலை. அதற்கு முந்தின வருடம், காலைப் பிரேயரில் நின்றுகொண்டிருந்தவள் மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், “ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. மத்தியானம் என்னம்மா குடுத்து விடுறீங்க?” என்று கேட்டார். கொடுத்து விடுவது வேறு, அது வயிற்றுக்குள் போவது வேறு. புளிச்சாதமோ தயிர்ச்சாதமோ, ஓரத்தில் நாலு வாய் தோண்டியிருப்பாள், மிச்சம் அப்படியே திரும்பி வரும். நான் கத்துவேன். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். மறுநாளும் அதேதான்.

அந்தக் கோடை விடுமுறை முழுக்க நான் அடுப்படியில் பாடம் படித்தேன். சோற்றைச் சூட்டோடு போட்டு மூடினால் மூடியில் தண்ணீர் கோத்துக்கொண்டு, மதியம் திறக்கும்போது நசநசவென்று ஒரு வாடை அடிக்கும். அந்த வாடைக்குத்தான் பிள்ளைகள் பாதிப் பேர் முகத்தைச் சுளிக்கிறார்கள். தட்டில் பரப்பி ஆறவிட்டு, நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பிசறி வைத்தால் உதிரியாக நிற்கும். வெண்டைக்காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு நறுக்கி, மூடாமல் மொறுமொறுவென்று வதக்கினால் முறுக்கு மாதிரி தின்றாள். அவரைக்காயில் தேங்காய் போட்டால் ஒதுக்கினாள். வறுத்த நிலக்கடலையைத் தட்டிப் போட்டால் தேடித் தேடித் தின்றாள். கத்தரிக்காயை மட்டும் தொடவே மாட்டேன் என்றாள். மல்லி, கடலைப்பருப்பு, எள்ளு, காய்ந்த மிளகாய் எல்லாம் வறுத்துப் பொடித்து, காயைப் பொடிசாக நறுக்கி வதக்கி, பொடியைத் தூவிச் சோற்றோடு பிரட்டிக் கொடுத்தேன். “இன்னும் கொஞ்சம் வைம்மா” என்றாள். அன்றைக்கு நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு அழுதேன்.

அந்தக் காயெல்லாம் எங்கள் வீட்டுப் பாத்தியில் விளைந்தவை. எங்கள் பக்கம் காய் போடுகிற வீடுகளில் இது வழக்கம். விற்கிற காய் தோட்டத்தில், தின்கிற காய் வீட்டுப் பாத்தியில். எங்களுக்கு மோட்டார் ரூமுக்குப் பின்னால் கத்தரி, வெண்டை, அவரை எல்லாம் சேர்த்து இருபது செடி இருக்கும். அதற்கு மருந்து அடிக்க மாட்டோம். சாம்பல் தூவுவோம், அதற்கு மேல் புழு தின்றால் தின்னட்டும் என்று விட்டுவிடுவோம். காய் கோணலாக இருக்கும், ஓட்டை இருக்கும். ஓட்டைப் பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டு மிச்சத்தை ஆக்குவோம். தோட்டத்துக் கத்தரி அப்படியில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை மருந்து. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் அடிப்பார். அன்றைக்குப் பிள்ளை வரப்பில் கால் வைக்கக் கூடாது. நடக்கப் பழகிய நாளிலிருந்து அவளுக்குச் சொல்லித்தான் வளர்த்தோம்: அது விக்கிற காயி, தொடக்கூடாது. இதைச் சொல்லும்போது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நாளும் நாக்கு கூசியதில்லை.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை கத்தரிக்காய்ச் சாதம் கட்டினேன். அழகுக்காக இரண்டு பிஞ்சை நாலாகக் கீறி வதக்கி மேலே வைத்தேன். அதில் ஒன்றின் காம்போரம், நான் சீவியது போக, பழுப்பாக ஒரு வளையம் நின்றிருக்கிறது. அவசரத்தில் நான் பார்க்கவில்லை. மிஸ் படத்தைப் போட்டு ஐந்து நிமிடம் ஆகவில்லை, ஒரு அம்மா சரியாக அந்த இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பிப் போட்டார். என் மகளுக்குப் பக்கத்தில் உட்காருகிற பிள்ளையின் அம்மா. “இது புழு ஓட்டை மாதிரி இருக்கே?” என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே வாந்தி எடுக்கிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. “குழந்தைக்கு இதையா குடுப்பாங்க?” என்று இன்னொருத்தி. கடைசியாக மிஸ், “பெற்றோர் கவனத்திற்கு, காய்கறிகளை நன்கு பார்த்து வாங்கவும்” என்று எழுதினார். வாங்கவும்! காயை விளைவிக்கிற வீட்டுக்காரியைப் பார்த்து!

அதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல ஆயக்குடிக் கொய்யாவைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி அனுப்பியிருந்தேன். ஸ்டார் கிவிப் பழத்துக்குப் போனது. சரி, போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். இதை விட முடியவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் வாளியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அந்தச் சிவப்பு வட்டம் என் டப்பாவைச் சுற்றிப் போட்டதாகவே தெரியவில்லை. என்னைச் சுற்றிப் போட்ட மாதிரி இருந்தது.

சாயங்காலம் மகள் வேனை விட்டு இறங்கியதும், “எல்லாரும் என் டப்பாவப் பாத்து உவ்வேன்னாங்கம்மா” என்றாள்.

“நீ சாப்டியா?”

“சாப்டேனே. நல்லாத்தான் இருந்துச்சு.”

அந்தப் பதில் போதுமாக இருந்திருக்க வேண்டும். டப்பாவைத் திறந்து பார்த்தால் ஒரு பருக்கை மிச்சமில்லை. ஒரு வருடமாக நான் கும்பிட்டுக் கேட்டது அதைத்தான். ஆனால் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. என் வீட்டுக்காரரிடம் போனை நீட்டிக் குதித்தேன். அவர் பார்த்துவிட்டு, “புழு இருந்தா நல்ல காயின்னு அவளுகளுக்கு என்ன தெரியும்? சொன்னாச் சொல்லிட்டுப் போறாளுக, விடு” என்றார். அவருக்குச் சுலபம். அவர் அந்தக் குழுவில் இல்லை.

வியாழக்கிழமை காலை, மார்க்கெட்டுக்குப் போகிற டெம்போவுக்காகக் கட்டி வைத்திருந்த கத்தரி மூட்டைகளில் ஒன்றின் வாயை நான் அவிழ்த்தேன். அவர் மோட்டார் போடப் போயிருந்தார். மேலாக இருந்ததிலேயே நல்ல காயாக ஆறு பொறுக்கினேன். கரு ஊதா நிறம், எண்ணெய் தடவின மாதிரி மினுமினுப்பு, ஒரு கீறல் கிடையாது. உப்புப் போட்டு, மஞ்சள் போட்டு, புளித்தண்ணீரும் ஊற்றி அரை மணி நேரம் ஊறப்போட்டு மூன்று தடவை கழுவினேன். இம்புட்டுக் கழுவினால் எதுதான் நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எப்போது மருந்து அடித்தார் என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம். இரண்டு நாள்கூட முழுசாக ஆகவில்லை. தெரிந்தேதான் ஆக்கினேன். ஒரு பக்கச் சடையைப் பின்னி மறுபக்கத்தை விரித்துப் போட்டபடி மகள் அடுப்படி நிலைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு ஸ்டார் வந்தது. குழுவில் கைதட்டல், பூங்கொத்து. சிவப்பு வட்டம் போட்ட அந்த அம்மாவே, “சூப்பர்! எந்தக் கடையில வாங்குனீங்க?” என்று கேட்டார். நான் பதில் போடவில்லை. ஆனால் அதைப் பத்துத் தடவை படித்தேன். மகள் புறங்கையை நீட்டிக் காட்டியபோது சிரித்தேன், தூக்கிச் சுற்றினேன். வெட்கக்கேடு. அப்புறம் மூன்று வாரம் காய் நாளெல்லாம் மூட்டைக் காய்தான். மற்ற நாளிலும் சோற்றுக்குப் பக்கத்தில் மினுமினுவென்று இரண்டு துண்டம் வைக்கப் பழகிவிட்டேன். பிரிட்ஜ் கதவில் ஸ்டார்கள் ஒட்டிக்கொண்டே வந்தன. டப்பாவும் கழுவித் துடைத்த மாதிரி காலியாக வந்தது.

ஆனால் பிள்ளை வேனை விட்டு இறங்கியதும் பையை வீசிவிட்டு நேராகச் சோற்றுப் பானைக்குப் போக ஆரம்பித்தாள். வெறும் மோரை ஊற்றிப் பிசைந்து, நின்ற வாக்கிலேயே இரண்டு தட்டுத் தின்பாள். வளருகிற பிள்ளை, பசிக்கிறது என்று நினைத்தேன். காலையில் எழுந்தவுடன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் உட்கார்ந்திருப்பாள். கண்ணுக்குக் கீழே மறுபடி கருத்தது. டானிக் வாங்கி ஊற்றினேன். மூளை இருக்கிற எவளும் அப்போதே கேட்டிருப்பாள். நான் பிரிட்ஜ் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவள் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கும் திண்டுக்கல்லில் ஒரு வேலை இருந்ததால், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பாட்டிலை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். வாசலில் இருந்த ஆயாம்மா, நான் நடந்து வரும்போதே என் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். வயதானவர். பிள்ளைகள் மிச்சம் வைப்பதை வாளியில் வாங்கிப் போய்த் தன் ஆடுகளுக்கு வைக்கிறவர்.

“அந்தப் பிள்ளைக்கு அம்மாவா நீயி? அப்பிடியே உரிச்சு வச்சிருக்கு. ஏன் தாயி, பிள்ள மத்தியானம் ஒண்ணுமே திங்க மாட்டேங்குது?”

“டப்பா காலியாத்தானம்மா வருது?”

“எங்கிட்டுக் காலியா வருது? போட்டா எடுத்து முடிச்சதும் டப்பாவத் தூக்கிட்டுக் கொழாயடிக்குப் பின்னால போயிரும். குச்சிய வச்சுக் குழி தோண்டிச் சோத்தப் புதைச்சிட்டு, டப்பாவக் கழுவிட்டு வந்துரும். ‘ஏங்கண்ணு மண்ணுல போடுற, இந்த வாளியில போடு, ஆட்டுக்காச்சும் ஆகும்’னு கேட்டேன். ‘வேணாம் ஆயா, இது விக்கிற காயி, ஆடு தின்னாச் செத்துப் போயிரும்’னு சொல்லுது.” சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பிள்ளைப் பேச்சு என்று நினைத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தின வருடம் எங்கள் வெள்ளாட்டுக் குட்டி ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு, மருந்தடித்த அன்று தோட்டத்துக்குள் போய் மேய்ந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் நுரை தள்ளிச் செத்தது. என் மகள் பால் புட்டியில் வளர்த்த குட்டி. அவள் அழுதபோது, “இதுக்குத்தான் உன்னைய அங்கிட்டுப் போகாதங்கிறது” என்று அவளுக்கு அந்தக் குட்டியைக் காட்டியே சொன்னவர் அவளுடைய அப்பா. பக்கத்தில் நின்று ஆமாம் போட்டவள் நான்.

குழாயடிக்குப் பின்னால் போனேன். மண் நாலைந்து இடத்தில் பொலபொலவென்று கிடந்தது. ஈரக் கையும் டப்பாவுமாக நின்றிருந்த மகள் என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அடிப்பேன் என்று நினைத்துவிட்டாள்.

“ஏன் பாப்பா எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீ கத்துவ.”

டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவளே, “மூட்டையில இருந்து எடுத்தத நான் பாத்தேம்மா. ஆனா ஸ்டார் வந்தா நீ சிரிக்கிற” என்றாள்.

மூன்று வாரம். கீரையும் பயறும் கட்டிய நாளில்கூட, அந்த இரண்டு துண்டம் தொட்டுக்கொண்டிருந்ததால் டப்பா முழுவதையும் மண்ணில் போட்டிருக்கிறாள். மயங்கி விழுந்த பிள்ளைக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று விடுமுறை முழுக்க அடுப்படியில் கிடந்தவள் நான். அந்தப் பிள்ளையை மூன்று வாரம் பட்டினி போட்டதும் நான்தான். பள்ளிக்கூடத்தையும் அந்தக் குழுவையும் நான் திட்டாத திட்டு இல்லை. ஆனால் அந்த மூட்டையின் வாயை அவிழ்த்தது யாருடைய கை?

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினார். “அறிவிருக்கா உனக்கு? விக்கிற காய எடுத்தா பெத்த பிள்ளைக்கு ஆக்கிப் போட்ட?”

எனக்கும் பற்றிக்கொண்டது. “அப்ப அம்புட்டு மருந்து ஏன் அடிக்கிறீங்க?”

“அடிக்காமப் பாத்தோம்ல ஒரு வருசம்? கமிசன் கடைக்காரன் மூட்டையத் தரையில கொட்டி, ஓட்டைக் காய ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டி, ‘இத எவன் வாங்குவான், திருப்பிக் கொண்டு போ’ன்னான்ல. மறந்துட்டியா?”

மறக்கவில்லை. காயைக் கையில் எடுத்து ஓட்டையைத் தேடுகிற அவனுக்கும், போனில் விரித்து வட்டம் போடுகிற அந்த அம்மாவுக்கும் என்ன வித்தியாசம்? ஓட்டை இல்லாத காய்தான் வேண்டும் என்கிறார்கள். அதைத்தான் கொடுக்கிறோம். அதைச் சொல்லவும் சொன்னேன். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை. பேசினால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வீட்டுப் பாத்திக் கத்தரிக்காய். சீவிய துண்டங்களை ஒளிக்காமல், கோணல் மாணலாகவே மேலே வைத்தேன். படம் வந்தது. எதிர்பார்த்த மாதிரியே அந்த அம்மா, “மறுபடியும் புழுவா?” என்று கேட்டார். நான் முதல் தடவையாக அந்தக் குழுவில் எழுதினேன். “ஆமா. புழு கடிச்சதுதான். அது கடிச்ச பிறகும் உயிரோட இருந்துச்சு. அந்தத் தைரியத்துலதான் பிள்ளைக்குக் குடுத்தேன்.” ஒருத்தரும் பதில் போடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, விளையாட்டு விழாவுக்கு வெள்ளை ஷூ கட்டாயம் என்று மிஸ் ஒரு செய்தி போட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் டப்பா காலியாக வந்தது. இந்தத் தடவை வாயோரத்தில் எள்ளுப்பொடி ஒட்டியிருந்தது. வாயைக் கழுவச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, “நாளையிலருந்து எனக்கு ரெண்டு டப்பா வைக்கிறியாம்மா?” என்றாள்.

“ரெண்டா? அம்புட்டுப் பசிக்குதா?”

“எனக்கில்ல.” பக்கத்தில் உட்காருகிற பிள்ளையைச் சொன்னாள். “அவ வீட்டுல பாத்தி இல்ல. அவங்கம்மா மார்க்கெட்டுலதான் வாங்குறாங்க. அவ கத்தரிக்காய் கொண்டு வந்த அன்னைக்கெல்லாம் நான் அவளையும் கொழாயடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். அவளுக்கும் பசிக்கும்ல?”

யாரைத் திட்டி அன்றைக்கு நான் ஜெயித்தேனோ, அவள் பெற்ற பிள்ளையும் என் மகளோடு சேர்ந்து பட்டினி கிடந்திருக்கிறது. அந்த அம்மா எந்தக் கடையில் வாங்கியிருப்பார், அந்தக் கடைக்கு எந்த மூட்டை போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்கு ஒரு ஆறுதலாக இல்லை. பரணில் இருந்து பழைய டப்பா ஒன்றை எடுத்துத் தேய்த்து வைத்தேன்.

மறுநாள் காலை வாசலில் டெம்போ நின்றது. பதினாலு மூட்டை. என் வீட்டுக்காரரும் டிரைவரும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டார்கள். நான் இரண்டு டப்பாவையும் ஆறவைத்து மூடிப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுப் பாத்தியில் அதற்கு மேல் காய் இல்லை. இரண்டு பிள்ளைக்கே பிஞ்சையும் சேர்த்துத்தான் பறித்திருந்தேன். மகள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இதத் திங்கிற மத்த பிள்ளைககிட்டல்லாம் யாரு சொல்லுவா?”

மூட்டையைத் தோளில் வைத்திருந்த அவளுடைய அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. “வேன் வந்துருச்சு, ஓடு!” என்று கத்தினேன். வேன் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது.